பீங்கான் ஆடு

ஆட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா ஹனூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் ஆடு இல்லை, மாடு இல்லை, ஒரு கோழிகூட இல்லை. பக்கத்து வீட்டு ஆடு எங்கள் கொடியில் காய்ந்த பாவாடையைத் தின்றுவிட்டது என்று அம்மா ஒரு நாள் முழுக்கத் திட்டியது ஞாபகம் இருக்கிறது. ஆட்டோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

ஆனால் மைசூரில் நான் வேலை பார்த்த பீங்கான் ஃபேக்டரிக்கு இன்றைக்குப் போய்க் கேளுங்கள். வாட்ச்மேனிலிருந்து எல்லோரும் சொல்வார்கள்: அந்த அம்மாவா, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவங்க, பஞ்சத்தில் ஆடெல்லாம் செத்துப்போய் இங்கே வந்தவங்க. கேட்டுக்குப் பக்கத்துப் புல்தரையில் போர்டே வைத்திருக்கிறார்கள். கன்னடத்தில் இருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் இல்லை. இருந்திருந்தால் நானே ஆணியால் சுரண்டி அழித்திருப்பேன்.

மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பேர் மாற்றிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது அப்போது. பஸ்ஸிலும் ஆபீஸ் போர்டிலும் புதுப் பேர், ஜனங்கள் வாயில் பழைய பேர். என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு மைசூர் வந்தார், நான் கூடவே வந்து அந்த ஃபேக்டரியில் சேர்ந்தேன். கரண்ட் கம்பத்தின் மேலே கம்பியைத் தாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைப் பீங்கான் உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அதைத்தான் அங்கே செய்தார்கள். நாங்கள் கப்பு என்போம். அச்சிலிருந்து ஈரமாக வரும் கப்பில் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அடியில் ஊசியால் குறி போட்டுப் பலகையில் வைக்க வேண்டும். பிறகு அது காய்ந்து, பூச்சு ஏறி, சூளைக்குப் போகும். எங்கள் செக்‌ஷனில் எல்லாரும் பொம்பளைகள்.

குறி என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. முதலில் ஆளுக்கொரு நம்பர் கொடுத்துப் பார்த்தார்களாம். பூச்சு ஏறிச் சூளையில் வெந்ததும் மூணும் எட்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. அதனால் ஆளுக்கொரு கீறல். ஒருத்திக்கு முக்கோணம், ஒருத்திக்குப் பெருக்கல் குறி. எனக்கு வில்லு மாதிரி வளைந்த ஒரு கோடு, அதற்குக் கீழே தொங்கும் இரண்டு சின்னக் கோடு. நான் சேர்ந்தபோது மிச்சம் இருந்தது அதுதான். கன்னடக்காரப் பெண்கள் அதைக் குர்த்து என்பார்கள். நாங்கள் தமிழில் குறி என்போம்.

நன்றாக வந்த கப்பை யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அது லாரி ஏறிப் போய்விடும், எந்த ஊர்க் கம்பத்தில் உட்கார்ந்ததோ தெரியாது. சூளையில் விரிசல் விட்டு வந்தால்தான் சூப்பர்வைசர் அதைக் கவிழ்ப்பார். அடியில் யார் குறி இருக்கிறதோ அவள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் குறிக்கு வேறு உபயோகமே கிடையாது. உடைந்தது மட்டும்தான் எங்களைக் காட்டிக் கொடுக்கும்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள், அதோடு பயந்தாங்கொள்ளி. ஸ்டவ்வை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடி வந்து பார்க்கிற ஜாதி. நாங்கள் எல்லாரும் டெம்ப்ரவரி. சில மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள், தொடர்ந்து வேலை பார்த்ததாக ஆகிவிடக் கூடாதில்லையா. கூப்பிடாமலும் விடுவார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அந்த வருஷம் எங்கள் செக்‌ஷனில் சில பேரைப் பெர்மனென்ட் பண்ணப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பெர்மனென்ட் ஆகிவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் பயம் இருக்காது. என் பெண்ணுக்கு வீசிங் வரும்போது ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குத் தைரியமாகத் தூக்கிக்கொண்டு ஓடலாம். எனக்கு ரிஜெக்ட் குறைவு. நானாகச் சொல்லவில்லை, சூப்பர்வைசரே ஒரு தடவை சொன்னார், உனக்கு வந்துவிடும் என்று. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அந்த வருஷம் முழுக்க நான் மூச்சு விட்டேன்.

என் பக்கத்து மேஜையில் ஒரு அக்கா. கொள்ளேகால் பக்கம், எனக்கு முன்னாலேயே வந்தவர், பெருக்கல் குறி அவருடையது. வாய் ஜாஸ்தி, கை சுத்தம்.

முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தார். அங்கே பெரிய ஃபேக்டரிகளில் ஓவியர், சிற்பி என்று யாரையாவது கூட்டிவந்து உள்ளேயே தங்க வைப்பார்களாம். தொழிலாளியோடு பழகி, அங்கே இருக்கிற பொருளை வைத்தே அவர் ஏதாவது செய்வாராம். நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டார். நோட்டீஸ் போர்டில் ‘கலாவிதர வாஸ்தவ்ய’ என்று எழுதி ஒட்டினார்கள். கலைஞர் வந்து தங்குகிறார் என்று அர்த்தம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்கா கேட்டார்:

“வாஸ்தவம்னா நெசந்தானே புள்ள? அப்ப அந்த ஆளு நெசம். நாமதான் டெம்ப்ரவரி.”

பெங்களூரிலிருந்து வந்தார் அவர். தாடி, ஜிப்பா, தோளில் துணிப்பை. காம்பவுண்டுக்குள்ளேயே கெஸ்ட் ஹவுஸில் ரூம், ஆபீஸர் கேன்டீனில் சாப்பாடு. உடைந்த கப்புகள் குவிந்து கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து படம் போட்டுவிட்டு வருவாராம். கெட்ட மனுஷர் இல்லை. கூட்டுகிற பெண்ணுக்கும் நமஸ்காரம் சொல்வார். அதனால்தான் அவர் மேல் கோபப்படுவதுகூடச் சிரமமாக இருந்தது. சிடுசிடுக்கிற ஆளாக இருந்தால் மனசுக்குள்ளாவது திட்டித் தீர்க்கலாம்.

எங்கள் மேஜைப் பக்கம் வந்து நின்று கையையே பார்ப்பார். யாராவது கையைப் பார்த்தால் எனக்குப் பிளேடு வழுக்கும். அவர் செய்த மண் உருவங்களுக்காகச் காயவைக்கும் ரூமில் நல்ல தட்டை ஒதுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் கப்புகளை வெளியே வராந்தாவில் வைத்தார்கள். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பீங்கான் சும்மா இருக்குமா? சூளையில் பட்டுப் பட்டென்று விரிசல் விட்டது. எல்லாவற்றின் அடியிலும் எங்கள் குறிதான் இருந்தது. வராந்தாவுக்கு ஒரு குறி இருந்ததா? அவர் தட்டுக்கு ஒரு குறி இருந்ததா? சூப்பர்வைசரிடம் அக்கா கேட்டே விட்டார். அவர் காதில் விழாத மாதிரிப் போனார்.

ஒரு நாள் அந்தக் கலைஞர் உடைந்த கப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். பின்னால் முதலாளி மகன், கழுத்தில் கேமராவோடு. கப்பைக் கவிழ்த்து என் கீறலைக் காட்டி, இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் பயந்தால் பாதி தமிழாகிவிடும். குர்த்து என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது இப்படி:

“நன்ன குறி, சார்.”

கன்னடத்தில் குரி என்றால் ஆடு. என் ஆடு, சார் என்று சொல்லியிருக்கிறேன். அது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கீறல் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, “தலெ எல்லி?” என்றார். தலை எங்கே என்று. எந்தப் பக்கத்திலிருந்து கீற ஆரம்பிப்பாய் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, வளைவின் ஒரு முனையைக் காட்டினேன். எத்தனை இருந்தது என்று கேட்டார். ரிஜெக்ட் எத்தனை என்று கேட்கிறார், முதலாளி மகன் வேறு பக்கத்தில் நிற்கிறார், குறைத்துச் சொல்லுவோம் என்று, நாலைந்துதான் சார் என்றேன். இப்போது எங்கே என்றார். எல்லாம் போய்விட்டது சார் என்று குவியல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் கண் கலங்கின மாதிரி இருந்தது. உடைந்த கப்புக்காக ஒரு மனுஷர் கலங்குகிறாரே என்று நானும் நெகிழ்ந்துபோய்விட்டேன், பாருங்கள். முதலாளி மகன் என்னை ஒரு போட்டோ எடுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். நாலைந்து என்று நானே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டேனே, பெர்மனென்ட் போச்சே என்று. வீட்டுக்காரர், அவங்களுக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பாங்க, தூங்கு என்றார்.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எங்கள் குடும்பங்களை உள்ளே விடும் நாள் அது ஒன்றுதான். பெண்ணுக்குப் புதுப் பாவாடை கட்டிக் கூட்டிப் போயிருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் புல்தரையில் எதையோ பெரிய துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். முதலாளியின் சம்சாரம் வந்து துணியை இழுத்தார்.

ஆடுகள். உடைந்த கப்புகளைச் சிமென்ட்டில் ஒட்டி ஒட்டிச் செய்த ஒரு சின்ன மந்தை. முன்னால் ஒன்று பெரிதாக, என் இடுப்பு உயரத்துக்கு. கப்புகளின் அடிப்பக்கம் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரிக் கலைஞர் பதித்திருந்தார். ஒவ்வொன்றிலும் என் குறி. பெரிய ஆட்டின் விலாவில் அதே குறியை நீலத்தில், முழம் அளவுக்கு.

அவர் மைக்கில் பேசினார். இந்த ஃபேக்டரியில் ஒரு பெண் இருக்கிறாள், ஹனூர்க் காட்டுப் பக்கத்துக்காரி, அவளிடம் நாலைந்து ஆடு இருந்தது, எல்லாம் போய்விட்டது, இங்கே வந்தாள். தான் செய்கிற ஒவ்வொரு கப்பின் அடியிலும், யாருக்கும் தெரியாமல், தொலைந்துபோன தன் ஆட்டை வரைகிறாள் என்றார். எங்கேயோ ஒரு கம்பத்தின் மேல் அந்த ஆடு மேய்கிறது என்றார். கை தட்டினார்கள். முதலாளியின் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பெண் என் புடவையை இழுத்து, “அம்மா, நம்மகிட்ட ஆடு இருந்துச்சா?” என்று கேட்டாள்.

நான் ஆட்டைப் பார்க்கவில்லை. கப்புகளைப் பார்த்தேன். குவியலில் எல்லார் குறியும் இருந்தது. முக்கோணம், பெருக்கல், சுழி எல்லாம். இந்த மனுஷர் உட்கார்ந்து கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து, என்னுடையதை மட்டும் பொறுக்கியிருக்கிறார். எத்தனையோ மாசத்து ரிஜெக்ட், அதில் பாதி அவருக்காக வராந்தாவில் காய்ந்து வெடித்தது. எல்லாவற்றையும் சேர்த்து, விளக்குப் போட்டு, கேட்டில் வைத்துவிட்டார். பெர்மனென்ட் பண்ணுவதா வேண்டாமா என்று பார்க்கிற பர்சனல் ஆபீஸர் அதற்கு எதிரேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த ஃபேக்டரியில் பீங்கானை உடைப்பவள் ஒரே ஒருத்தி என்பதுபோல நின்றது அந்த மந்தை.

மறுநாளிலிருந்து நான் குரி ஆனேன். கன்னடத்தில் ஆளைப் பார்த்துக் குரி என்றால் ஏமாளி என்றும் ஆகும். கேன்டீனில் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ‘மே’ என்று ஒரு சத்தம் வரும். ஒருத்தி எனக்கென்று கொத்தமல்லிக் கட்டிலிருந்து தழையை உருவி மேஜையில் வைத்திருந்தாள். அக்காவும் சிரித்தார். பிறகு, போய் அந்த ஆளிடம் சொல்லு, சும்மா இருந்தா உன்னைக் கசாப்புக்கடையிலதான் கொண்டுபோய் விடுவாங்க என்றார்.

சொல்ல வேண்டியதை அடுப்படியில் நின்று கன்னடத்தில் முணுமுணுத்துப் பழகிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சார், எனக்கு ஆடே கிடையாது, தமிழில் குறி என்றால் குர்த்து, உடைந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிவதற்காகப் போடுவது, நீங்கள் அங்கே ஒட்டியிருப்பது எல்லாம் என் மேல் இருக்கும் புகார் என்று, திக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்து, “எஷ்டு சென்னாகிதெ” என்றார். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று.

எடுத்துவிடுங்கள் சார், போர்டையாவது மாற்றுங்கள் என்றேன்.

“ஆதரெ ஈக அது குரி ஆகிதெயம்மா,” என்றார். ஆனால் இப்போது அது ஆடாகிவிட்டதே அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். முதலாளியின் சம்சாரம் ரொம்ப நெகிழ்ந்துபோயிருக்கிறார், அவரிடம் போய் இதைச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம், உனக்கு நல்லதே நடக்கும் என்றும் சொன்னார். அந்த ‘சென்னாகிதெ’யை நான் இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை. என் வயிற்றெரிச்சலைக் கேட்டுவிட்டு அழகாக இருக்கிறது என்று சொன்ன மனுஷரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நல்லது நடந்தது. அதுதான் கேவலம். பர்சனல் ஆபீஸர் கூப்பிட்டார். உன்னைப் பெர்மனென்ட் பண்ணுகிறோம், முதலாளியம்மா விசேஷமாகச் சொல்லியிருக்கிறார்கள், வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால் ஆட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வந்து நிற்க வேண்டும், பேச வேண்டியதில்லை என்றார். நான் நின்றபடியே கேட்டேன், சார், என் ரிஜெக்ட் குறைவு, சூப்பர்வைசரைக் கேளுங்கள், அதற்காகத்தானே கொடுக்கிறீர்கள் என்று. அவர் கன்னடத்தில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அதையெல்லாம் யாரும்மா பாக்குறாங்க? உன்னை ஆடு காப்பாத்திடுச்சு, போ.”

என் கை சம்பாதித்ததை எனக்கு ஒரு சிமென்ட் ஆடு தானமாகக் கொடுத்தது. நான் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வீசிங்குக்கு ஆஸ்பத்திரி வேண்டும், வாங்கிக்கொண்டேன். யாராவது விருந்தாளி வந்தால் பிளேடைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஆட்டின் பக்கத்தில் நின்றேன். பேசச் சொல்லவில்லை, பேசவில்லை.

அக்காவை அந்தத் தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. எனக்குக் கொடுத்ததால் அவருக்கு இடமில்லாமல் போனதா, இல்லை எப்படியும் அனுப்பியிருப்பார்களா, எனக்குத் தெரியாது. யோசித்து யோசித்துப் பல நாள் தலைவலி வந்ததுதான் மிச்சம். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் என்னைத் திட்டவில்லை.

“எனக்கு ஒரு ஆடு இல்லாமப் போச்சே புள்ள,” என்றார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் குறியை அந்த வருஷக் காலண்டரில் கம்பெனியின் சின்னமாகப் போட்டார்கள். சூப்பர்வைசர் வந்து, இனிமேல் நீ அதைக் கீறாதே, உடைந்த கப்பில் எல்லாம் கம்பெனிச் சின்னம் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். எனக்குப் புதுக் குறியாக இரண்டு புள்ளி கொடுத்தார்கள். கலைஞர் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் வேறொருவர் வந்து எங்கள் புடவை நிறங்களையெல்லாம் பார்த்துக் காம்பவுண்டுச் சுவரில் பட்டை பட்டையாக அடித்தார். நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. எந்தப் புடவை என்னுடையது என்று கேட்டதற்குக்கூடத் தெரியாது என்றுதான் சொன்னேன்.

ரிடையர் ஆகும் நாளில் சால்வை போட்டார்கள். முதலாளி மகனுக்குத் தலை நரைத்துவிட்டது, அவரே முதலாளி. ஒரு பெட்டியைத் திறந்து கொடுத்தார். உள்ளே கையளவு பீங்கான் ஆடு, வெள்ளையாக, வழுவழுப்பாக. எனக்குப் பழக்கம் விடவில்லை. வாங்கின கையோடு கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தூண்டில் முள் மாதிரி ஒரு குறி. எங்கள் செக்‌ஷனில் யாரோ ஒருத்தி போட்டது, சின்னப் பெண்ணாக இருக்கும், டெம்ப்ரவரியாகத்தான் இருக்கும். குறிக்குப் பக்கத்திலேயே, பின்னங்காலிலிருந்து வயிறு வரைக்கும், முடி அளவுக்கு ஒரு விரிசல்.

முதலாளி மைக்கில், நம் தொழிலாளர்கள் இன்றைக்கும் தாங்கள் செய்யும் பொருளில் பெருமையோடு கையெழுத்துப் போடுகிறார்கள், எல்லோருக்கும் காட்டுகிறேன் என்று சொல்லி, ஆட்டை வாங்கக் கை நீட்டினார். பர்சனல் ஆபீஸர், சூப்பர்வைசர், எல்லாரும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விரிசல் மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

“பேடா சார்,” என்றேன். வேண்டாம் சார்.

அவர் சிரித்துக்கொண்டே மெல்ல இழுத்தார். நான் விடவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்து, பாருங்கள், இத்தனை வருஷமாகியும் தன் ஆட்டை விட மனசு வரவில்லை என்றார். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. அதில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன், பெருவிரல் ஆட்டின் வயிற்றில் இருக்கிறது.